அம்பாள், ஆண்டாள், அக்கா பொடி: சட்டம் கற்பிக்கும் வாசகன்

போன ஐப்பசியில், அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற அக்கா ஒருவர் ஆறு பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நீதான் எம்.ஏ. படிச்சிருக்கியே, இதப் படிச்சுச் சொல்லுப்பா." நான் படித்தது தமிழ் எம்.ஏ. கடிதமோ வக்கீல் ஆங்கிலம். அக்கா வீட்டிலேயே இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி தயாரித்துக் கவரில் அடைத்து, ஓ.டி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் எஸ்டேட்டில் இரண்டு மூன்று கேண்டீன்களுக்கும் போடுகிறவர். அவருடைய கவரின் மஞ்சள் நிறம், சிவப்புப் பட்டை, குத்துவிளக்குப் படம், பெயரின் முன்பாதி எல்லாமே தங்களுடையதைப் போல இருக்கின்றன என்று ஒரு பெரிய கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பதினைந்து நாளைக்குள் கடைகளில் இருக்கிற சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும், மிச்சக் கவர்களை ஒப்படைக்க வேண்டும், இதுவரை விற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், பத்து லட்சம் நஷ்டஈடு தர வேண்டும். குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பதிவு பெற்ற வணிகக் குறியை மீறியது. மற்றது, 'பாஸிங் ஆஃப்'. அதாவது தன் சரக்கை அவர்கள் சரக்கென்று நம்பவைத்துத் தள்ளிவிட்டது.

"நான் யாரப்பா ஏமாத்துனேன்?" என்று கேட்டார் அக்கா.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் வணிகக் குறித் தீர்ப்புகள் சிலவற்றைப் படிக்க ஆரம்பித்தேன். கதை, கவிதை படிக்கிற மாதிரியே படித்தேன். வேறு மாதிரி படிக்க எனக்குப் பழக்கமில்லை. அப்படிப் படித்ததில் ஒன்று பட்டது. இந்தத் தீர்ப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாசகன் கற்பிக்கப்படுகிறான். நாம் பிரதி, வாசகன், அர்த்தம் என்று சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நீதிமன்றம் அதையே சொத்து, தடையாணை, நஷ்டஈடு என்கிற மொழியில் செய்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு வாசிப்பு ஜெயித்தால் ஒரு பட்டறை மூடும்.

அந்த வாசகன் யார்? 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த 'அமிர்ததாரா' வழக்கில் அவன் உருவம் தெளிவாகிறது. அமிர்ததாரா என்கிற மருந்துக்கு எதிரே லக்ஷ்மண்தாரா என்று இன்னொரு மருந்து. ஒன்று அமிர்தத்தின் தாரை, மற்றது லட்சுமணனின் தாரை, பொருள் வேறல்லவா என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்குகிறவன் சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ளவன். அவன் சொல்லைப் பதம் பிரித்துப் பொருள் தேடமாட்டான். மொத்தமாக ஓர் ஓசையையும் ஒரு தோற்றத்தையும்தான் மனதில் வைத்திருப்பான். 1972இல் பார்லே பிஸ்கட் உறை வழக்கில் இவனே மறுபடி வருகிறான். இரண்டு உறைகளிலும் ஒரு பெண், மாடு, கோழி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணக்கூடாது, ஒன்றைப் பார்த்த ஞாபகத்தோடு மற்றதைப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்றே கேட்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. எனக்கு இது நல்ல வாசிப்புக் கொள்கையாகவே படுகிறது. நம் பேராசிரியர்கள் பலர் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணித்தான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஞாபகத்தில் வாழ்கிற பிரதியைப் பற்றி யார் பேசினார்கள்?

ஆனால் இந்த அரைகுறை ஞாபகக்காரனுக்கு ஒரு மொழி இருக்கிறதா, ஓர் ஊர் இருக்கிறதா என்று கேட்டால் சிக்கல் வருகிறது. அம்பாள் - ஆண்டாள் வழக்கில் அதைப் பார்க்கலாம்.

சென்னையில் மூக்குப்பொடி வியாபாரம் செய்த ஒருவர் ஐம்பதுகளின் கடைசியில் 'ஸ்ரீ ஆண்டாள் மெட்ராஸ் ஸ்நஃப்' என்கிற லேபிளைப் பதிவு செய்ய மனுப் போட்டார். மூன்று கட்டமாகப் பிரித்த லேபிள். நடுவே ஆண்டாள் படம். இருபுறமும் அதே பெயர் தேவநாகரி, தெலுங்கு, கன்னடம், தமிழ் எழுத்துகளில். ஏற்கெனவே பதிவு வைத்திருந்த ஸ்ரீ அம்பாள் அண்ட் கம்பெனி ஆட்சேபித்தது. அவர்கள் லேபிள் இப்படி. நடுவில் தண்ணீரில் மிதக்கிற உலக உருண்டை, அதன்மேல் அம்பாள். பெயர் 'ஸ்ரீ அம்பாள் பரிமள ஸ்நஃப்'. ஒலி அவ்வளவு நெருக்கமாக இல்லை என்று பதிவாளர் ஆட்சேபத்தைத் தள்ளினார். சென்னை உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றில்லை, காதுக்கு ஒன்றுதான் என்பது முடிவு. மெல்லச் சொன்னாலும் வேகமாகச் சொன்னாலும், சந்தை இரைச்சலிலும் தனியிடத்திலும், டெலிபோனிலும் நேரிலும், சொல்கிறவர் வெளிநாட்டாரோ உள்நாட்டாரோ, குழப்பம் தவிர்க்க முடியாதது என்று உயர்நீதிமன்றம் அடுக்கிக்கொண்டே போகிறது.

தமிழ் யாப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் என்ன சொல்லும் என்று யோசித்துப் பார்த்தேன். அம்-பாள், ஆண்-டாள்: இரண்டும் நேர்நேர், இரண்டும் தேமா. அ-வும் ஆ-வும் மோனைக்கு உறவு. ஆகவே கம்பெனி பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் எதுகை? முதலெழுத்து ஒன்று குறில், ஒன்று நெடில். இரண்டாமெழுத்து ஒன்று மகரம், ஒன்று ணகரம். எதுகைக்குப் பக்கத்தில்கூட வராது. சாட்சி பாதிக்குப் பாதி. முழுக்க ஒன்றே என்று சொல்கிற இந்தக் காது எங்கிருந்து வந்தது? ஆங்கில எழுத்திலிருந்து வந்தது என்பது என் சந்தேகம். ஆங்கிலத்தில் எழுதினால் அ-வும் ஆ-வும் ஒரே எழுத்தாகிவிடும். மிஞ்சுவது நடுவில் இரண்டு எழுத்து வித்தியாசம்தான். வாதாடியவர்களில், தீர்ப்பு எழுதியவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இருந்தும் வழக்கு நடந்த மொழி ஆங்கிலம். தமிழ்க் காதைப் பற்றிய தீர்ப்பு, தமிழை ஆங்கில எழுத்துக்கூட்டலில் கேட்டு எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம். பூவிருந்தவல்லி, பூந்தமல்லி, பூனமல்லி. மூன்று பெயரையும் காதுக்குக் காது ஒப்பிட்டால் ஒரே ஊர் என்று வெளியூர்க்காரன் நம்பமாட்டான். ஆனால் ஆவடியில் பஸ் ஏறுகிற எவரும் இதுவரை குழம்பியதில்லை. ஒலி ஒன்றாக இருப்பதும் குறி ஒன்றாக இருப்பதும் வேறுவேறு. சசூரைப் படிக்காமலே பஸ் கண்டக்டருக்கு இது தெரியும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இன்னோர் இடம் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவும் செய்கிறது, உறுத்தவும் செய்கிறது. தென்னிந்திய இந்துக்களுக்கு அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்று தெரிந்திருக்கலாம். ஆனால் பொடி போடுகிறவர்களில் கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி எல்லாரும் உண்டு, தென்னாட்டுக்கு வெளியே இருப்பவர்களும் உண்டு. சாந்தமான ஒரு தேவியின் படம் என்று மங்கலாக நினைவிருக்கும், வைணவ தேவியா சைவ தேவியா என்கிற நுட்பமெல்லாம் நினைவில் நிற்காது என்கிறது தீர்ப்பு. வாசகன் என்றாலே இந்து வாசகன் என்று எடுத்துக்கொள்ளாத ஒரு பிரதி. நம் இலக்கிய விமர்சனத்தில் இது எவ்வளவு அபூர்வம். உறுத்துவது வேறு. மதம் தெரியாதவருக்கு மொழியும் தெரியாது என்று தீர்ப்பு சத்தமில்லாமல் ஒரு தாவு தாவுகிறது. ஓ.டி.யில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பாய்க்கு ஆண்டாள் எந்தக் கோயில் என்று தெரியாமல் இருக்கலாம். அ-வுக்கும் ஆ-வுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? வழக்கு முழுக்க ஆண்டாள் ஒரு தேவி மட்டும்தான், தமிழில் எழுதிய ஒரு பெண் என்கிற பேச்சே இல்லை என்பதையும் கவனிக்கலாம். பொடி லேபிளுக்கு அது தேவைப்படவில்லை.

என் ஆயா பொடி போடுவாள். கையெழுத்தும் போடத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதிது, பொடி வாங்கிவர என்னை அனுப்பினாள். கடையில் டப்பியை வாங்கி, லேபிளைப் படித்து, பெயர் சரிதான் என்று உறுதிசெய்துகொண்டு ஓடிவந்தேன். ஆயா மூடியைத் திறந்தாள், மூக்குக்கிட்ட கொண்டுபோனாள், மூடினாள். "இது அது இல்லடா. போய்க் குடுத்துட்டு வா." லேபிளை மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, பெயரில் ஓர் எழுத்து வேறு. ஏமாந்தது படிக்கத் தெரிந்தவன். எழுத்தை நம்புகிறவனைத்தான் எழுத்தால் ஏமாற்ற முடியும். தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற 'எழுத்தறிவில்லாத கிராமத்து ஆள்' என்னைவிட அதிகம் ஏமாறுகிறவன் என்பதற்கு ஆதாரம் என்ன? அவன் சாட்சி சொல்ல வருவதில்லை. அவன் பெயரால் இரண்டு வியாபாரிகள் வழக்காடுகிறார்கள்.

ஆயாவை வைத்து ஒரு கோட்பாடு கட்டிவிட முடியாது என்பதும் தெரியும். பொடியை முகர்ந்து பார்க்கலாம். மாத்திரையை என்ன செய்வது? இதை நம் நண்பர்களுக்காகவே சொல்கிறேன். 'மூலம் என்று ஒன்று கிடையாது, நகல்களின் நகல்கள்தான்' என்று பூத்ரியாரைக் கையில் வைத்துக்கொண்டு, போலிச் சரக்கெல்லாம் முதலாளியத்தின் குறியமைப்பை உள்ளிருந்து கலைக்கிற கலகம் என்று எழுதியவர்கள் நம்மிடம் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசினவன்தான். 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த காடிலா வழக்கைப் படித்தபின் அந்தப் பேச்சு எனக்கு வரவில்லை. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று இரண்டு மருந்துகள், இரண்டும் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு. மருந்து விஷயத்தில் குழப்பம் உயிருக்கே ஆபத்து, எனவே அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும், டாக்டரும் மருந்துக்கடைக்காரரும்கூடத் தவறலாம் என்கிறது தீர்ப்பு. இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழி இல்லை, படிக்காதவர்கள் ஏராளம், இங்கிலாந்து வாங்குபவனுக்குச் செய்த அளவுகோல் இங்கே அப்படியே பொருந்தாது என்றும் சொல்கிறது. அம்பாள் வழக்கில் காணாமல்போன மொழி இங்கே ஓரளவு திரும்பி வருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சீட்டை நீட்டுகிறவளுக்குக் குறி கலைவதில் என்ன கலகம் இருக்கிறது?

ஆகவே கேள்வி நிஜமா போலியா என்பதல்ல. பெயரை உண்டாக்குகிறது யார், அது யார் கைக்குப் போகிறது என்பதுதான். இங்கேதான் பதிவு பெறாத குறி முக்கியமாகிறது. 1999ஆம் வருஷத்து வணிகக் குறிகள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவை வாசியுங்கள், விசித்திரமான பிரதி. பதிவு பெறாத குறியை மீறினார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாது என்கிறது முதல் உட்பிரிவு. பாஸிங் ஆஃப் வழக்குக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் தடையில்லை என்கிறது இரண்டாவது. முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி. பதிவேட்டுக்கு வெளியே, வெறும் புழக்கத்தில் பிறந்த உரிமை ஒன்று உண்டு என்று சட்டமே ஒப்புக்கொள்கிற இடம் அது.

அந்தப் பின்கதவு வழியாகப் போனதுதான் திருநெல்வேலி இருட்டுக்கடை. நெல்லையப்பர் கோயில் எதிரே, சாயங்காலம் திறந்து சரக்குத் தீர்ந்ததும் சாத்துகிற அல்வாக் கடை. போர்டு கிடையாது, மங்கின வெளிச்சம். 'இருட்டுக்கடை' என்பது அவர்கள் வைத்த பெயரில்லை, ஜனங்கள் வைத்தது. இன்னொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்க, வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பிடமும் பதிவுச் சான்று இருந்தது. 2015 மார்ச்சில் வந்த தீர்ப்பு, இருவருமே பதிவு வைத்திருந்தாலும் முதலில் புழங்கியவரின் உரிமையே மேல், பதிவு என்பது புதிதாக உரிமையைப் படைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதை ஒப்புக்கொள்வதுதான் என்றது. பழைய கடையே ஜெயித்தது.

நியாயமான தீர்ப்பு. எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதற்குள் நடப்பதைப் பாருங்கள். பெயர் வைத்தவர்கள் ஜனங்கள். பெயருக்கு மதிப்பு வந்தது அவர்கள் வாய்வழி. அந்த வாயெல்லாம் சேர்ந்து உண்டாக்கியது, நன்மதிப்பு என்கிற பெயரில், ஒருவருடைய சொத்தாகிறது. 1969 பிப்ரவரியில் பாரிசில் பூக்கோ 'ஆசிரியன் என்றால் என்ன' என்கிற உரையை நிகழ்த்தினார். ஆசிரியன் பெயர் என்பது பிரதியைச் சொத்தாக்கி ஒழுங்குபடுத்துகிற ஏற்பாடு என்பது அதில் ஒரு வாதம். அதே வருஷம் டெல்லியில் அம்பாள் தீர்ப்பு. அது தற்செயல்தான், ஆனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம். இலக்கியத்தில் ஆசிரியன் செத்துவிட்டான், வாசகன் பிறந்துவிட்டான் என்று நாம் கொண்டாடினோம். வணிகக் குறியில் எப்போதுமே வாசகன்தான் அர்த்தத்தை உண்டாக்குகிறவன், அதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டபின் அவனைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு, உரிமையை வேறொருவரிடம் எழுதிக்கொடுக்கிறது. வாசகன் பிறந்ததால் மட்டும் எதுவும் அவன் கைக்கு வந்துவிடுவதில்லை. நம் ஆட்கள் கோட்பாட்டை இந்த இடம் வரை கொண்டுவரவில்லை.

எல்லாப் பெயரும் இப்படிப் போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 2015இல், ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்கிற பெயரை ஒருவர் தனியுரிமையாகக் கேட்டபோது, மத நூலின் பெயரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2020இல் சென்னை உயர்நீதிமன்றம், நூடுல்ஸ் விற்கிற இரண்டு பெரிய கம்பெனிகளான ஐ.டி.சி.க்கும் நெஸ்லேவுக்கும் நடந்த வழக்கில், 'மேஜிக்', 'மசாலா' இரண்டும் வியாபாரத்தில் எல்லாருக்கும் பொதுவான சொற்கள் என்றது. பொதுச்சொல் பொதுச்சொல்லாகவே இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்ல, இரண்டு பக்கமும் மூத்த வக்கீல் வைத்து ஏழெட்டு வருஷம் வழக்காடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

அக்காவிடம் வருகிறேன். மஞ்சள் கவர், சிவப்புப் பட்டை, குத்துவிளக்கு எங்கிருந்து வந்தன? யாரையும் பார்த்து அவர் காப்பியடிக்கவில்லை. எஸ்டேட் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கிற சின்ன அச்சகம் ஒன்றில் போய்க் கேட்டார். அங்கே கம்ப்யூட்டரில் ரெடியாக முப்பது நாற்பது டிசைன் வைத்திருப்பார்கள். மசாலாவுக்கு மஞ்சள்-சிவப்பு, ஊறுகாய்க்குப் பச்சை, பினாயிலுக்கு நீலம். விளக்கு, கலசம், கோலம் எதுவேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் மாற்றிக்கொடுப்பார்கள். புது டிசைன் போட்டால் தனிக் காசு. 1964இல் உருவான இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றி, 'சென்னை-53', 'சென்னை-58' என்று முகவரி போட்டு, இப்படி எத்தனை கவர்கள் கடைகளில் தொங்குகின்றன. தீர்ப்புகள் ஒற்றுமையைக் கண்டால் உள்நோக்கத்தைத் தேடுகின்றன. இங்கே ஒற்றுமைக்குக் காரணம் மலிவு. ஏழை வியாபாரிகள் எல்லாரும் ஒரே பீரோவிலிருந்து சட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அக்காவிடம் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. கவரில் அச்சிட்ட பெயரை யாரும் சொல்வதில்லை. கடையில் வந்து "அக்கா பொடி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். பதினொரு வருஷமாகக் கேட்கிறார்கள். இருட்டுக்கடை போலவே ஜனங்கள் வைத்த பெயர். இருட்டுக்கடைத் தர்க்கப்படி இதுவும் ஓர் உரிமைதானே, நாமே ஏன் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். நல்ல மனுஷர். சிரிக்கவில்லை. "பில் புக் இருக்கா? வருஷா வருஷம் எவ்வளவு வித்துதுன்னு ஆடிட்டர் சர்டிபிகேட்? விளம்பரச் செலவுக்கு ரசீது?" என்றார். அக்கா கொடுப்பது துண்டுச் சீட்டு. பாதிக் கடையில் அதுவும் இல்லை, சுவரில் சாக்பீஸ் கணக்கு. விளம்பரச் செலவு என்று பார்த்தால், ஆடிக் கூழ் ஊற்றும்போது கோயிலுக்குக் கொடுத்த இரண்டு கிலோ பொடி. வாயில் பிறந்த உரிமையைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். பதிவு செய்ய முடியாதவர்களுக்காகத் திறந்து வைத்த பின்கதவுக்கும் பதிவேடு கேட்கிற காவலாளி இருக்கிறான்.

வக்கீல் சொன்னபடி, கவரை மாற்றிவிடுகிறோம், நஷ்டஈடு வேண்டாம் என்று பதில் போட்டோம். அவர்கள் விட்டுவிட்டார்கள். கையிருப்பிலிருந்த நாலாயிரம் கவரை ஒப்படைத்தாயிற்று. புதுக் கவருக்கு வாசகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. வெள்ளைக் கவர், கறுப்பு எழுத்து, படம் கிடையாது. 'அக்கா பொடி' என்றே போடச் சொன்னேன். "சீ, நானே என்னை அக்கான்னு போட்டுக்கறதா?" என்றார். பிறகு ஒத்துக்கொண்டார்.

தை மாதம் புதுக் கவர் கடைக்குப் போனது. முதல் வாரமே பாதி திரும்பி வந்துவிட்டது. ஓ.டி. கடைக்காரர் சொன்னார்: "கவர் மாறியிருக்குக்கா. டூப்ளிகேட்டான்னு கேக்குறாங்க." அக்கா இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்தக் கடை வாசலில் போய் நிற்கிறார். பொடி கேட்டு வருகிறவர்களிடம் கவரைக் கொஞ்சம் பிரித்து, "மோந்து பாருங்க, நம்மளுதுதான்" என்று நீட்டுகிறார்.